முப்பது என்று எழுதினேன்

11 செல்களை எண்ணினேன். ரிப்போர்ட்டில் 30 என்று எழுதினேன்.

நான் செய்தது இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அதன் பலனை அனுபவித்தது ஒரு சிறுமி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் எதையும் மறைக்காமல், எனக்குச் சாதகமாக எதையும் திருப்பாமல் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், குரோமோசோம் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ரத்தத்தில் உள்ள செல்களைப் பிரியவைத்து, பிரிகிற நேரம் பார்த்து நிறுத்தி, உள்ளே இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது வேலை. எல்லா நேரத்திலும் எண்ண முடியாது. செல் பிரியாமல் இருக்கும்போது குரோமோசோம்கள் மிக மெல்லிய இழைகளாக நியூக்ளியசுக்குள் பரவிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தனித்தனியாகத் தெரியாது. பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் தன்னைப் போலவே இன்னொரு பிரதியைச் செய்துகொள்ளும். புரோபேஸில் சுருண்டு தடிக்கத் தொடங்கும். பிறகு நியூக்ளியசின் சவ்வு கலையும், கதிர்கோல் இழைகள் வந்து குரோமோசோம்களைப் பற்றும். மெட்டாபேஸில் எல்லாம் செல்லின் நடுக்கோட்டுக்கு வந்து நிற்கும். அனாபேஸில் ஜோடிப் பிரதிகள் பிரிந்து எதிரெதிர் முனைக்குப் போகும். டீலோபேஸில் இரண்டு நியூக்ளியஸ்கள் உருவாகும், செல் இரண்டாகும். மனித செல்லுக்கு இதெல்லாம் நடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். அதில் எங்களுக்கு வேண்டியது மெட்டாபேஸ் மட்டும். குரோமோசோம்கள் நன்றாகத் தடித்து, எண்ணக்கூடிய நிலையில் இருப்பது அப்போதுதான்.

ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்கள் தாமாகப் பிரிவதில்லை. ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைக் கல்ச்சரில் சேர்த்தால் விழித்துக்கொள்ளும். 37 டிகிரியில் 72 மணி நேரம் வைப்போம். ஹார்வெஸ்ட் செய்வதற்குச் சற்று முன் கோல்செமிட் சேர்ப்போம். அது கதிர்கோல் இழைகளை உருவாகவிடாது. செல் மெட்டாபேஸோடு நின்றுவிடும். அடுத்து நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசல். செல்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பும், குரோமோசோம்கள் விலகி நிற்கும். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து செல்களை நிலைப்படுத்தி, ஸ்லைடின் மேல் சொட்டு விடுவோம். டிரிப்சினில் காட்டி, ஜீம்சா சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் வெளிரும் அடருமாகப் பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகளை வைத்துத்தான் எது எந்தக் குரோமோசோம் என்று சொல்கிறோம்.

இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். பெயர் வாங்கியதோடு நிற்காமல் அதை நம்பவும் செய்தேன். மற்றவர்கள் ஒரு கேஸ் முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன். யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் கேட்காதது போல் இருப்பேன், ஆனால் ஒரு சொல் விடாமல் காதில் வாங்கிக்கொள்வேன். வேகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாதி வேகம் அனுபவத்தில் வந்தது. மீதி, எண்ணாமல் விட்டதில் வந்தது.

எங்கள் பிரிவில் விதி இது. சாதாரண கேஸுக்கு 20 மெட்டாபேஸ் எண்ண வேண்டும். டர்னர் சின்ட்ரோம் சந்தேகம் என்று டாக்டர் எழுதி அனுப்பினால் 30. டர்னர் உள்ள பெண் குழந்தைகளிடம் இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும், 46க்குப் பதில் மொத்தம் 45. சிலருக்கு எல்லாச் செல்லிலும் அப்படி இருக்காது. சில செல்லில் 46, சில செல்லில் 45. இதை மொசைக் என்போம். மொசைக்கைப் பிடிக்க அதிகம் எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. 20 செல் எண்ணி எல்லாமே சரியாக இருந்தால்கூட, நூற்றுக்குப் பத்துச் செல் மாறியிருக்கும் வாய்ப்பை உறுதியாகத் தள்ள முடியாது. 30 அதற்காக வைத்த எண்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? முதல் பத்து பன்னிரண்டு செல் ஒரே மாதிரி வந்தால் மீதியும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவேன். கவுன்ட் ஷீட்டில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வரி உண்டு. ஸ்லைடில் அந்தச் செல் எங்கே இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப் மேடையின் அளவுகோலைப் பார்த்து இரண்டு எண் எழுத வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அதே இடத்துக்குப் போய் அதே செல்லைப் பார்க்கலாம். எண்ணாத செல்களுக்கும் அந்த எண்களை நானே கற்பனையாக எழுதினேன். ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லாமல், இயல்பாகத் தெரிகிற மாதிரி மாற்றி மாற்றி எழுதுவேன். அதிலும் கவனமாக இருந்தேன். கவனக்குறைவு என்று இதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. இது பொய்.

அந்தச் சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் எல்லோரையும்விட உயரம் குறைவு. டாக்டர் சீட்டில் டர்னர் மொசைக் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார். அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். குவிந்து கிடக்கவில்லை. மதியம் மூன்று மணிகூட ஆகவில்லை. மெட்டாபேஸ்கள் ஸ்லைடு முழுக்க நிறையக் கிடந்தன. நல்ல ஸ்லைடு.

பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்து பார்க்கிற மைக்ரோஸ்கோப். ஏழாவது செல்லில் 45 வந்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு குறையுதே?"

"சொட்டு விடும்போது தெறிச்சிருக்கும். உடைஞ்ச செல். விட்டுத் தள்ளு."

அப்படித் தெறிப்பது உண்டு. ஸ்லைடில் விழும்போது செல் வெடித்து ஒன்றிரண்டு குரோமோசோம்கள் விலகிப் போகும். அதனால்தான் குறைந்தது எது என்று பார்க்க வேண்டும் என்கிறது விதி. போனது 17 அல்லது 22 என்றால் ஒதுக்கலாம். போனது எக்ஸ் என்றால் நிறுத்தி, இன்னும் அதிகச் செல்களை எண்ண வேண்டும். எக்ஸ் நடுத்தர அளவு. சி தொகுதியில் உள்ள மற்றவற்றோடு பார்வைக்குக் கலந்துவிடும். பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஜோடி சேர்த்தால்தான் தெரியும். படம் எடுத்துக் கணினியில் அடுக்கினால் பத்து நிமிஷம்.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒப்புக்கொண்டது பொய்யாகிவிடும். குறைந்தது சி தொகுதியில்தான் என்பது என் கண்ணில் பட்டது. பட்டவுடன் மேடையை நகர்த்திவிட்டேன். வயதான பெண்களின் ரத்தத்தில் எக்ஸ் தொலைந்த செல் ஒன்றிரண்டு வருவது சகஜம், அதைப் பொருட்படுத்த மாட்டோம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. எனக்கு அதுவும் தெரியும். பத்து நிமிஷம் செலவழித்து எக்ஸ்தான் என்று தெரிந்தால் இன்னும் ஐம்பது செல் எண்ண வேண்டி வரும். அதோடு, பயிற்சிக்கு வந்த பெண் கண்டுபிடித்ததாக ஆகும். இந்த இரண்டாவது காரணத்தை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வெகுநாள் பிடித்தது.

பதினோராவது செல்லோடு நிறுத்தினேன். ஏழாவது செல்லை ஷீட்டில் 46 என்றே எழுதினேன். மீதி வரிகளை நிரப்பினேன். எங்கள் பிரிவு டாக்டர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். 46, எக்ஸ்எக்ஸ், 30 செல், நார்மல்.

ரிப்போர்ட் வாங்க அம்மா வந்தார். முடிவைப் பற்றி நோயாளியிடம் பேசுவது டெக்னீஷியன் வேலை இல்லை. ஆனாலும் பேசினேன், என்னிடம் கேட்டார் என்கிற பெருமைக்காக.

"ஒண்ணும் இல்லைல்ல மேடம்?"

"எல்லாம் நார்மல்மா. வளர்ந்துருவா. கவலைப்படாம போங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மைட்டாசிஸ் எனும் செல் பிரிவுப் பாடம் எடுத்தது நான்தான். மெட்டாபேஸிலிருந்து அனாபேஸுக்குப் போகும் இடத்தை விரும்பிச் சொல்லுவேன். ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் கைனட்டோகோர் என்று ஒரு பிடிமானம் இருக்கிறது. கதிர்கோல் இழை அதைப் பற்றும். ஒரே ஒரு கைனட்டோகோரில் இழை ஒட்டாமல் இருந்தாலும், அங்கிருந்து போகிற செய்தி மொத்தச் செல்லையும் நிறுத்திவைக்கும். ஜோடியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொஹீசினை வெட்டுகிற செப்பரேஸ் என்ற என்சைம் அதுவரை கட்டுண்டு கிடக்கும். 1995இல் கான்லி ரீடரும் உடன் இருந்தவர்களும் பொடரூ என்ற சிறிய ஆஸ்திரேலிய விலங்கின் செல்லில், கடைசியாக ஒட்டாமல் நின்ற கைனட்டோகோரை லேசரால் அழித்துப் பார்த்தார்கள். செல் காத்திருப்பதை விட்டது. அனாபேஸ் தொடங்கிவிட்டது. பலகையில் படம் போட்டு, ஒன்றே ஒன்று பாக்கி இருந்தாலும் செல் காத்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லிவிட்டு மைக்ரோஸ்கோப்புக்குத் திரும்பி வந்து, 19 பாக்கி இருக்கும்போதே ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செல்லின் அந்தக் காவலும் ஏமாறும். ஒரே கைனட்டோகோரை இரண்டு முனையிலிருந்தும் வந்த இழைகள் பற்றிக்கொண்டால், ஒட்டிவிட்டது என்றே செல் எடுத்துக்கொள்ளும். அனாபேஸ் தொடங்கும். இரண்டு பக்கமும் இழுபட்ட குரோமோசோம் நடுவில் பின்தங்கி நிற்கும். சில சமயம் அது நியூக்ளியசில் சேராமல் வெளியே தனித்துப் போகும், பிறகு தொலையும். அந்தச் சிறுமி கருவில் ஒரு சில செல்களாக இருந்தபோது ஒரு எக்ஸ் இந்த மாதிரிதான் விடுபட்டிருக்க வேண்டும். எக்ஸை இழந்த செல்லின் வாரிசுகள் எல்லாம் 45. மற்றவை 46. அதில் யார் தவறும் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து அதைக் கண்டுபிடிப்பதற்காக என் கையில் கொடுத்தார்கள். நான் இரண்டாவது தடவையாகத் தொலைத்தேன்.

என் துறையில் பெரியவர்களுக்கும் கண் ஏமாந்திருக்கிறது. 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றார். முப்பது வருஷத்துக்கும் மேல் எல்லோரும் 48 என்றே எண்ணினார்கள். நீர்த்த கரைசலில் செல் உப்பி குரோமோசோம்கள் பிரிந்து நிற்பதைத் தற்செயலாகக் கண்ட டி.சி.சூ, 1952இல் அவ்வளவு தெளிவான ஸ்லைடுகளை வைத்துக்கொண்டும் 48 என்றே எழுதினார். ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் 46 என்று வெளியிட்ட பிறகே அது மாறியது. இந்தக் கதையை எனக்கு ஆறுதலாகப் பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆறுதலாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அவர்கள் எண்ணினார்கள், தப்பாக எண்ணினார்கள். நான் எண்ணவே இல்லை.

ஆறு வருஷம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். கையில் இரண்டு ரிப்போர்ட். ஒன்று என்னுடையது. மற்றது வேறு ஒரு ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. பெண்ணுக்குப் பதினைந்து வயதாகியும் பூப்படையவில்லை என்று போன இடத்தில் மறுபடி பரிசோதித்திருக்கிறார்கள். 50 செல் எண்ணியதில் 12 செல் 45, எக்ஸ். நூற்றுக்கு 24. அன்றைக்கு நான் 30 எண்ணியிருந்தால் ஏழெட்டு செல் சிக்கியிருக்கும். அந்த விகிதத்தில், 30 செல்லில் ஒன்றுக்கு மேல் சிக்காமல் போக ஆயிரத்தில் மூன்று வாய்ப்புகூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அம்மா சண்டைக்கு வரவில்லை. "எப்படி மேடம் மாறுச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "சில சமயம் சாம்பிள் சரியா வளராதும்மா."

நல்ல ஸ்லைடு என்று மேலே சொன்னேனே, அந்த ஸ்லைடைப் பற்றித்தான் இப்படிச் சொன்னேன். பயம். வேலை போய்விடும், பெயர் போய்விடும் என்ற பயம். குழந்தையின் ரத்தத்தின் மேல் பழியைப் போட எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை.

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் பிரிவின் தலைவர் பழைய ஸ்லைடையும் கவுன்ட் ஷீட்டையும் எடுக்கச் சொன்னார். ஸ்லைடை மேடையில் வைத்து, ஷீட்டில் உள்ள எண்களைப் பார்த்து ஒவ்வொரு செல்லாகப் போனார். ஏழாவதில் நின்றார். திரும்ப எண்ணினார். ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்று வரை செல் இருந்தது. பன்னிரண்டாவது எண்ணுக்குத் திருகினார். வெறும் கண்ணாடி. பதின்மூன்று, வெறும் கண்ணாடி. பதினான்குக்குத் திருகுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

அந்தப் பெண் இழந்தது என்ன என்று அவளைப் பார்க்கும் டாக்டர் எனக்கு விளக்கினார், நான் கேட்டதால். டர்னர் குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டு. சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் ஊசி போட்டவர்கள், போடாதவர்களைவிடச் சராசரி 7 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருக்கிறார்கள். இவளுக்கு எலும்பு முனைகள் ஏறக்குறைய மூடிவிட்டன. இதயத்தையும் அப்போதே பார்த்திருக்க வேண்டும். மகாதமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இருப்பது இப்போதுதான் எக்கோவில் தெரிந்தது. ஆறு வருஷமாக அதை யாரும் கண்காணிக்கவில்லை. மொசைக் பெண்களில் சிலருக்குச் சிறு வயதில் சினைப்பையில் கருமுட்டைகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், வருஷம் போகப் போகக் குறையும். இவளுக்கு இருந்ததா, இருந்து போயிற்றா என்று இனிமேல் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அவளைக் குள்ளி என்று கூப்பிட்டார்களாம். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் திட்டினார்களாம். இது டாக்டர் சொன்னதில்லை, அம்மா சொன்னது. "ரிப்போர்ட் நார்மல்னு இருந்துச்சுல்ல மேடம், அதான் திட்டினோம்."

இதைக் கேட்டது நான் உண்மையைச் சொல்லப் போன அன்று. அவர்கள் வீட்டு வாசலிலேயே சொன்னேன். 11 எண்ணினேன், 30 என்று எழுதினேன், 45 வந்ததைப் பார்த்தேன், மறைத்தேன், போன மாதம் உங்களிடம் சொன்னதும் பொய். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார். பெண்ணின் ஃபைலில் அந்த நார்மல் ரிப்போர்ட் இன்னும் இருக்கிறது, நாளைக்கு வேறு டாக்டர் அதைப் பார்த்துக் குழம்பக்கூடாது என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பெண் உள் அறையில் இருந்தாள். வெளியே வரவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இப்போது வேறு ஊரில் இதே வேலை பார்க்கிறாள். போன் பண்ணிச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் 45 வந்தா தெறிச்சதுன்னு தாண்டிப் போயிருக்கேன்க்கா, நீங்க சொன்னீங்கன்னு" என்றாள். எத்தனை கேஸ் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவள் தன் மேலதிகாரியிடம் அன்றே சொல்லிவிட்டாள். என்னைப் போல ஸ்லைடு வெளியே வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

எனக்கு வேலை போயிற்று. போக வேண்டியதுதான். போகும் முன், நான் முடித்த கேஸ்களில் எவற்றில் பாதியில் நிறுத்தினேன் என்று ஞாபகம் இருந்தவரை குறித்துக் கொடுத்தேன். ஞாபகத்தை நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள் என்றும் எழுதினேன். ஸ்லைடு மிச்சம் இருப்பவற்றைத் திரும்ப எண்ணுகிறார்கள். சாயம் மங்கிப்போனவையும், விதிப்படி கழித்துப்போட்டவையும் நிறைய. அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டுப் புதிதாக ரத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூப்பிடும்போது காரணத்தையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். சிலர் வந்து கொடுத்துவிட்டார்கள். சிலருடைய பழைய எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டு எழுதிய டாக்டர்கள் வழியாக முகவரி தேடுகிறார்கள்.